எழுப்புகிற ஊசி

நாகலெட்சுமி சொம்பை விடவில்லை.

இரண்டு பெண்கள் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். கூடப் பிறந்த தம்பி விஜிதரன் அவளுடைய இடது கையைப் பின்னால் மடக்கி வைத்திருந்தான். வலது கையில் அந்தப் பித்தளைச் சொம்பு. அதிலிருந்த மஞ்சள் தண்ணீர் பாதிக்கு மேல் சிந்தி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவின் சிமெந்துத் தரை வழுக்கிக்கொண்டிருந்தது. தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் விழுந்து கிடந்தது. தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற சனம் வாசலை அடைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தது. வேடிக்கை என்று வந்துவிட்டால் நம் சனத்துக்கு மழையும் தெரியாது, பனியும் தெரியாது.

"வழி விடுங்க. டாக்டரய்யா வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள்.

டாக்டரய்யா என்றால் சூசைரட்ணம். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் அல்ல; தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவி மருத்துவர். ஆனால் உடப்புசல்லாவைப் பக்கம், பஸ்கூட மனசு வைத்தால்தான் ஏறி வருகிற அந்தத் தோட்டத்தில், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அட்டை கடித்ததற்கும் அவர்தான் கதி. நல்ல மனிதர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார்.

அவர் கண்ணில் முதலில் பட்டது நாகலெட்சுமி அல்ல, செல்லசாமியின் நெற்றி. செல்லசாமி அவள் புருஷனுக்கு அண்ணன். தோட்டத்துச் சங்கத் தலைவர், கோயில் கமிட்டித் தலைவர், இரண்டும் அவரே. டிஸ்பென்சரியை இழுத்து மூடிவிட்டு எல்லாரையும் டவுனுக்குப் போகச் சொல்ல நிர்வாகம் கிளம்பியபோது, ஆட்களைத் திரட்டித் தடுத்தவரும் அவர்தான். அந்தச் செல்லசாமி இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெற்றியில் துவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துவாயில் இரத்தம்.

"பாருங்க டாக்டரய்யா, புள்ளைக்குச் சடங்கு நடக்கிற அன்னிக்கி சொம்பால மண்டைய ஒடைச்சுட்டா. பழைய வருத்தம் திரும்பிருச்சு. ஒரு ஊசியப் போட்டுப் படுக்க வைங்க. வந்த சனத்துக்கு முன்னால மானம் போகுது."

வருத்தம் என்றால் இந்தப் பக்கத்தில் நோய். மனசு நொந்து கிடப்பதற்கும் அதே சொல்தான். எந்த வருத்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கேட்கிறவர் பாடு. மருந்துக்காரர் காதில் அது நோயாகத்தான் விழுந்தது.

சூசைரட்ணம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கத்தான் செய்தார். எப்போது இருந்து இப்படி? அத்தான் போனதிலிருந்தே அக்கா சரியில்லை என்றான் விஜிதரன். அத்தான் என்றால் அவள் புருஷன் சோலைமலை. நாலு வருசத்துக்கு முன்னால் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனவன். தூக்கம் உண்டா? நாலு நாளாகக் கண்ணை மூடவில்லை என்றாள் ஒருத்தி. சாப்பாடு? சோறும் இல்லை தண்ணியும் இல்லை என்றாள் இன்னொருத்தி. காய்ச்சல், வலிப்பு, குடி எதுவும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது. பதில் சொன்னவர்கள் எல்லாரும் சுற்றி நின்றவர்கள்.

"ஐயா, எனக்கு ஒன்னும் இல்லைங்க. நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க" என்றாள் நாகலெட்சுமி.

"சரிம்மா, சரி. ஒன்னும் ஆகாது" என்றார் அவர்.

சின்னப் பிள்ளைக்குக் கசப்பு மருந்து ஊற்றும்போது சொல்கிற அந்த "சரிம்மா". இத்தனை வருசத்தில் எத்தனை பேரை அவர் அந்த ஒரு சொல்லால் தட்டிக் கொடுத்திருக்கிறார்! இவளிடம் அது பலிக்கவில்லை. "கேளுங்கன்னு சொல்றேன்ல" என்று அவள் திமிறிய திமிறில் கால் அவருடைய பையில் பட்டு, பை கவிழ்ந்து, பஞ்சும் கத்திரிக்கோலும் ஈரத் தரையில் சிதறின. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. "பிசு முத்திப் போச்சு" என்று வெளியே ஒருத்தன் பைத்தியத்துக்குச் சிங்களச் சொல்லைப் போட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

அதோடு சூசைரட்ணத்துக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. பையிலிருந்து டயசிபாம் குப்பியை எடுத்து உடைத்தார். பழகிய கை. தம்பிக்காரன் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடிக்க, நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஏற்றினார். அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சு அடங்கிவிடுகிற மருந்து. அதனால் மெல்ல மெல்ல, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்.

நாகலெட்சுமி கத்துவதை நிறுத்தினாள். இமை சொருகியது. "எம் புள்ளைக்கு... மொத சொம்பு..." என்று நாக்குத் தடித்து ஏதோ சொன்னாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தன. சொம்பு விழுந்து நசுங்கிவிடக் கூடாதே என்று ஒருத்தி பாய்ந்து பிடித்தாள். நாகலெட்சுமியின் தலையைப் பிடிக்க ஆள் இல்லை. அதைச் சூசைரட்ணமே பிடித்து, இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

செல்லசாமி வாசலில் வந்து நின்று, எவ்வளவு நேரம் தூங்குவாள் என்று கேட்டார். தூக்கமில்லாத உடம்பு, மெலிந்த உடம்பு, மத்தியானம் திரும்புகிறவரைக்கும் தாங்கும் என்றார் இவர். அது போதும் என்று செல்லசாமி தலையை ஆட்டினார். நெற்றிக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு போய், பாட்டைப் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் கிளம்பியது. சனம் பந்தலுக்குக் கலைந்தது. எல்லாருக்கும் முகத்தில் ஒரு தெளிச்சி.

சூசைரட்ணம் மட்டும் உள்ளே தங்கினார். இந்த ஊசியைப் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு போய்விட முடியாது. மூச்சைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னால் அவருக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போன வருசம் கீழ் லயத்து மூக்கன் திடீரென்று சாராயத்தை நிறுத்தி, கைகால் உதறி, சுவரெல்லாம் பூரான் ஊர்கிறது என்று கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அன்றைக்கு அவனை அடக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தது இதே மருந்துதான். மூக்கன் இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறான். எங்கே கண்டாலும் கும்பிடுகிறான். அந்த மாதிரி இன்னொரு நல்ல காரியம் செய்துவிட்டதாக டாக்டரய்யா நினைத்துக்கொண்டார்.

விஜிதரனின் பெண்சாதி லோஜினி தரையைத் துடைக்கப் பழந்துணியோடு வந்தாள். நாகலெட்சுமியின் மகளுக்குத் தாய்மாமன் பெண்சாதி அவள். சடங்கில் முதல் சொம்பு ஊற்றுகிற உரிமைக்காரி. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஆனால் சடங்கு வீட்டு முகமாக இல்லை அவள் முகம். அழுது துடைத்த முகம். அவளிடம் சூசைரட்ணம், இவங்களுக்கு முன்னால எந்த ஆஸ்பத்திரியில பார்த்தீங்க, என்ன மாத்திரை குடுத்தாங்க என்று விசாரித்தார்.

"எந்த வருத்தத்துக்குங்க ஐயா?"

"பழைய வருத்தம்னு தலைவர் சொன்னாரே."

லோஜினி துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அது சோலைமலை அண்ணன் செத்த வருத்தம்ங்க. அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறாங்க?"

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமலேயே நடந்ததைச் சொன்னாள். பெண் பெரியபிள்ளையான நாளிலிருந்து பெற்றவளை அவள் கிட்டத்தில் விடவில்லையாம். தாலியறுத்தவள் முகத்தில் முழித்தால் பெண்ணுக்கு ஆகாது என்று செல்லசாமி உத்தரவு. தட்டில் சோறு போடுவது தாய், அதை உள்ளே நீட்டுவது இன்னொருத்தி. ஒரே காம்பராவில் இருந்துகொண்டு, மகளை ஒரு சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள் மதினி. நாலு நாளாகத் தூங்காதது பலகாரம் சுட்டதால். சாப்பிடாதது, மகளுக்காக ஒரு பொழுது இருந்ததால். இன்றைக்கு விடியுமுன்னே எழுந்து, மலைத்தண்ணி விழுகிற பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து, விறகு மூட்டி, அண்டா நிறையச் சுட வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டது எல்லாம் அவள்தான். வேலை முடிந்ததும், பின்னால் போய்க் குசினி அடுப்படியில் உட்காரு, கூப்பிடும்வரை வெளியே தலைகாட்டாதே என்றார்கள். அவள் போகவில்லை. சொம்பை மொண்டுகொண்டு சுமங்கலிகளின் வரிசையில் முன்னால் போய் நின்றாள்.

"எம் புள்ளைக்கு மொத தண்ணி நான் ஊத்துறேன், அப்பறம் நீங்க எல்லாரும் ஊத்துங்கன்னுதாங்க சொன்னாங்க. அவ்வளவுதான். கத்தக்கூட இல்ல. பெரியவருதான் சொம்பப் புடுங்கப் போனாரு. புடுங்கின வேகத்துல அவர் கையாலேயே அவர் நெத்தியில பட்டுச்சு."

"அந்நேரமே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார் சூசைரட்ணம்.

"நீங்க எங்கிட்டக் கேக்கலைங்களே ஐயா. மதினிகிட்டயும் கேக்கல."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. லோஜினி குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அப்படி உறைத்தது. படித்த காலத்தில் அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? கொந்தளித்து நிற்கிற ஆளைக் கண்டால் முதலில் கூட்டத்தை விலக்கு, உட்கார வை, தணிந்து பேசு, என்ன வேண்டும் என்று அந்த ஆளிடமே கேள், வாயால் ஒரு மாத்திரை வாங்குவாரா பார், எதற்கும் படியாமல் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ஊசி. இத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஒன்றையாவது செய்தாரா? செல்லசாமி ஊசி என்றார், இவர் ஊசியை எடுத்தார். கடைக்காரனிடம் சவர்க்காரம் கேட்டால் எடுத்துக் கொடுப்பானே, அந்த மாதிரி.

நாகலெட்சுமியின் கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் மஞ்சள், நகக்கண்ணில் அடுப்புக் கரி, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன பெருவிரல். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. எல்லாம் முன்னமே கண் முன்னால்தான் இருந்தன. அந்தக் கையில் அவர் தேடியது நரம்பு ஒன்றைத்தான்.

அப்போதுதான் காம்பராவின் மூலையில் கட்டியிருந்த சேலை அசைந்தது. அடியில், மஞ்சள் பூசிய ஒரு சின்னக் கால் தெரிந்தது.

"அங்க யாரு?" என்றார் திடுக்கிட்டு.

"சுலக்ஷனாதாங்க. தண்ணி ஊத்துறவரைக்கும் புள்ள அங்கதானே இருக்கணும்."

சூசைரட்ணம் இந்த லயங்களிலேயே பிறந்து வளர்ந்தவர். வேதக்காரராக இருந்தாலும் இந்த வழக்கமெல்லாம் தெரியாதவர் அல்ல. ஆனாலும் அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. பெற்றவளின் கையை முறுக்கியதும், அவள் கெஞ்சியதும், இவர் சரிம்மா சரிம்மா என்று ஊசி ஏற்றியதும், அத்தனையும் ஒரு சேலைக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வெட்கத்தில் அவருக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவும் முடியாது, மூச்சைப் பார்க்க வேண்டும்.

பந்தலிலிருந்து நாலைந்து பெண்கள் சிரிப்பும் பேச்சுமாக வந்தார்கள், பெண்ணைக் குளிக்க அழைத்துப் போக. சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெண் வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்றால், அம்மா எழுந்திருக்கட்டும் என்கிறாள். வேறு பேச்சு இல்லை. அழுகை இல்லை, அடம் இல்லை. கட்டிலின் இரும்புக் காலைச் சேலைக்கு அடியால் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செய்தி செல்லசாமிக்குப் போனது. அவர் கட்டுப்போட்ட தலையோடு வேகமாக வந்தார். காம்பராவுக்குள் நுழைந்தார். சேலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

நிற்காமல் என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றாத பெண் தீட்டு. ஆம்பளைகள் அவள் முகம் பார்க்கக் கூடாது, மறைப்புக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் கட்டிக் காக்கிற வழக்கம் அது. கோயில் கமிட்டித் தலைவரே அதை மீறினார் என்று நாளைக்கு ஊர் பேசாதா? தோட்டத்துத் துரையின் மேசையில் கையால் அடித்துப் பேசிய மனுசன், ஒரு பழைய நைலக்ஸ் சேலையைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றார். குடும்ப மானம் என்றார், நல்ல நேரம் போகிறது என்றார், செத்துப்போன உங்கப்பன் ஆத்மா என்றார். சேலை பதில் சொல்லவில்லை.

கடைசியில், தூக்கிக்கொண்டு போங்கடி என்று பெண்களைப் பார்த்து உறுமினார். இரண்டு பேர் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைத்தார்கள்.

"தொடாதீங்க" என்றாள் லோஜினி. குரலை உயர்த்தவில்லை. "மொத தண்ணி ஊத்த வேண்டியது நானு. நான் ஊத்தல."

வாசலில் நின்ற விஜிதரன் பெண்சாதியை முறைக்கப் பார்த்தான். முறைக்க வரவில்லை. அக்காவின் கையை மடக்கிய தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

செல்லசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் அவர் கண் சூசைரட்ணத்திடம் வந்து நின்றது. பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், ரகசியம் போலக் கேட்டார்.

"டாக்டரய்யா, எழுப்புற ஊசி ஒன்னு போடுங்களேன். சும்மா ரெண்டு நிமிசம் எந்திரிச்சு அந்தப் புள்ளகிட்ட, போம்மான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் படுக்கட்டும்."

"அப்படி ஒரு ஊசி எங்கிட்ட இல்ல, தலைவர்."

"தூங்க வைக்கிறதுக்கு இருக்கு, எழுப்புறதுக்கு இல்லையா? என்ன டாக்டரு நீங்க?"

இதே கேள்வியை அன்று காலையில் யாராவது கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது வரவில்லை. நியாயமான கேள்வியாகவே பட்டது. முக்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போனார். இஸ்தோப்பிலும் பந்தலிலும் இருந்த சனம் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. சேலைக்குப் பின்னால் இருப்பவளுக்குத் தெரியுமே.

"எல்லாரும் கேளுங்க. இந்த அம்மாவுக்கு எந்த நோயும் இல்ல. புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம ஊசி போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"மெல்லப் பேசுங்க ஐயா" என்று செல்லசாமி பல்லைக் கடித்தார்.

"மெல்லப் பேசினா அவங்க பைத்தியம்ங்கிற பேர்லயே இருந்துருவாங்க, தலைவர்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். இடுப்பைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு லயத்துப் பின்பக்கம் போய்விட்டாள். பிசு முத்திப்போச்சு என்றவனைக் காணவே காணோம்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நல்ல நேரம் போயிற்று. ராகுகாலம் வந்தது, அதுவும் போயிற்று. பந்தலில் சோறு ஆறியது, சாம்பாரில் ஆடை கட்டியது. ஹட்டனிலிருந்து வந்த வீடியோக்காரன் எதைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலப்பனைப் பக்கத்து உறவுக்காரர்கள் பஸ் போய்விடும் என்று நெளிந்தார்கள். ஆனால் சடங்கு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போகவும் மனசு வரவில்லை. நாகஸ்வரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்த அத்தனை பேரும், அவள் தூக்கம் எப்போது கலையும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

சூசைரட்ணம் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவை தொடும்போதும், சேலைக்கு அடியில் தெரிந்த சின்னக் கை கட்டில் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அவரிடமிருந்து தாயைக் காப்பாற்றுகிற பிடி அது என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை வருசம் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறார். பயந்து அழுத பிள்ளைகள் உண்டு. ஒரு பிள்ளை அவரைக் கெட்டவன் என்று நினைத்தது இதுதான் முதல்முறை. அது நினைத்ததில் தப்பும் இல்லை.

பொழுது சாயத் தொடங்கி, மலையிலிருந்து பனி இறங்குகிற நேரத்தில் நாகலெட்சுமி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. கூரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்றாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லம்மா. இன்னும் தண்ணி ஊத்தல. நீங்க எந்திரிக்கத்தான் எல்லாரும் காத்திருக்கோம்" என்றார்.

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது? ஊசிக்காரர்கள் ஆளைத் தணிப்பதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "சும்மா சொல்லாதீங்க ஐயா" என்ற சொல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவர் உண்மையைத்தான் சொன்னார். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல அவருக்கு வாய் இல்லாமல் போயிருந்தது.

"அம்மா, நெசந்தான்மா" என்றது சேலைக்குப் பின்னாலிருந்து குரல். "நான் இன்னும் குளிக்கல. எந்திரிம்மா."

நாகலெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். மருந்து இன்னும் கால்களை விடவில்லை. நின்றதும் தள்ளாடினாள். சூசைரட்ணம் பதறி, தலை சுத்தும், பிடிச்சுக்கங்கம்மா என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, இது என்ன என்று பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரோடு சுவராக, ஒவ்வொரு அடியாக வைத்து, அவரைத் தாண்டிப் போனாள். லோஜினி ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

மறைப்பை விலக்கிக்கொண்டு பெண் வெளியே வந்தாள். வாசலில் நின்ற விஜிதரன் சட்டென்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். தாய்மாமன் பார்க்கக் கூடாது என்பதற்காகவா, அக்கா முகத்தில் முழிக்க முடியாததாலா, அவனுக்கே தெரியாது. சூசைரட்ணமும் இஸ்தோப்புக்கு வந்து, மற்ற ஆண்களோடு ஆணாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பின்பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. தண்ணீர் சில்லிட்டுப் போச்சே, இன்னொரு தடவை சுட வைக்கிறேன் என்கிறாள் லோஜினி.

"வேணாம் அத்தை" என்கிறாள் பெண். "அம்மா சுட வச்ச தண்ணி. ஆறினாலும் பரவாயில்ல."

முதல் சொம்பு விழுகிற சத்தம் கேட்டது. நடுங்குகிற கை ஊற்றிய தண்ணீர். ஒரே சீராக விழவில்லை, விட்டு விட்டு விழுந்தது. குளிரில் பெண் மூச்சை இழுத்துக்கொண்டதுகூட இஸ்தோப்பு வரைக்கும் கேட்டது. அடுத்து நின்ற சுமங்கலி சொம்புக்குக் கை நீட்டினாள் போலிருக்கிறது.

"இன்னும் ஒன்னு ஊத்தும்மா" என்றது பெண்ணின் குரல்.

ஊற்றினாள்.

"இன்னும் ஒன்னு."

செல்லசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு சொம்பு போதும்னு யாராச்சும் போய்ச் சொல்லுங்கடா" என்றார். ஆண்பிள்ளை யார் போய்ச் சொல்வது? போகக் கூடாத இடம் அது. பெண்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சூசைரட்ணம் தலையைக் குனிந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இன்னும் ஒன்னு ஊத்தும்மா."

அண்டாவின் அடியில் சொம்பு உரசுகிற சத்தம் வருகிறவரைக்கும் அந்தக் குரல் ஓயவில்லை. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, காலையிலிருந்து வரிசையில் காத்திருந்த சுமங்கலிகளுக்கு ஊற்ற ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சவில்லை.